பூட்டிய அறையின் வரலாறு

1851-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் இலண்டன் மாநகரின் ஹைடு பூங்காவில் உலகப் பெருங்கண்காட்சி ஒன்று திறந்துவைக்கப்பெற்றது. கண்ணாடியாலும் இரும்பாலும் எழுப்பிய மாளிகை. அதனுள்ளே நீராவி எந்திரங்கள், நெசவுப் பொறிகள், தந்திக் கருவிகள். ஐந்தரைத் திங்களில் ஏறத்தாழ 60 இலட்சம் முறை மக்கள் அதன் வாயிலைக் கடந்தனர் என்று கணக்குக் கூறுகிறது. அறிவின் ஒளி இருளையெல்லாம் ஓட்டிவிட்டது என்று ஆங்கில மக்கள் பெருமிதங்கொண்ட காலம் அது. ஆனால், பகலில் அக்கண்ணாடி மாளிகையைக் கண்டு வியந்த அதே மக்கள் இரவில் விளக்கடியில் அமர்ந்து எதைப் படித்தனர்? பாழடைந்த மாளிகையையும், நள்ளிரவுச் சிரிப்பொலியையும், பூட்டிய அறையையும், கல்லறையினின்று எழுந்து வரும் உருவத்தையும் பற்றிய கதைகளை ஆர்வத்தோடு படித்தனர். புகைவண்டி ஓடிய நூற்றாண்டில் பேய்க்கதைக்கு என்ன வேலை? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இப்பேச்சின் நோக்கம்.

இவ்வகைக் கதைகளைக் 'கோதிக்' கதைகள் என்று ஆங்கில இலக்கிய வரலாறு குறிக்கிறது. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் பூட்டிய அறை. பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வறை எங்கோ தொலைவில் இத்தாலிய மலைக்கோட்டையில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது இங்கிலாந்திற்கே வந்து சேர்ந்தது. குடும்பம் வாழும் வீட்டின் மேன்மாடிக்கு ஏறியது. இறுதியில் மனிதனுடைய உள்ளத்திற்குள்ளேயே புகுந்துகொண்டது. இந்தப் பயணத்தை உற்று நோக்கினால், ஆங்கிலச் சமுதாயம் எதை வெளியே சொல்ல அஞ்சியது என்பது நமக்கு விளங்கும்.

முதலில் பெயரின் பொருளைத் தெரிந்துகொள்வோம். கோத்தர் என்பார் பழங்கால ஜெர்மானிய இனத்தவருள் ஒரு பிரிவினர். கி.பி. 410-இல் உரோமாபுரியைச் சூறையாடியவர்கள் அவர்களே. பிற்காலத்து இத்தாலிய அறிஞர்கள், கூர்மாடங்களும் உயர்ந்த கோபுரங்களும் உடைய இடைக்காலக் கட்டடங்களை இகழ்ந்துரைக்கக் 'கோத்தர் பாணி' என்றனர். அநாகரிகமானது என்பதே அவர்கள் கருத்து. வசைச்சொல்லாகப் பிறந்த அப்பெயர் நாளடைவில் பழமையின் மீது உண்டான ஒரு கவர்ச்சியைக் குறிப்பதாயிற்று.

அக்கவர்ச்சியைக் கதையாக்கியவர் ஹோரேஸ் வால்போல். பிரிட்டனின் முதல் பிரதம அமைச்சர் என்று கூறப்படும் இராபர்ட் வால்போலின் மைந்தர் அவர். டுவிக்கன்ஹாம் என்னும் ஊரில் தம் வீட்டையே சிறியதொரு கோதிக் கோட்டையாக மாற்றிக்கொண்டவர். 1764-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் 'ஒட்ரான்டோக் கோட்டை' என்னும் கதையை வெளியிட்டார். தம் பெயரைப் போடாமல், பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்டார். நூல் நன்கு விற்றது. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பில்தான் உண்மையை ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பையும் சேர்த்தார். இலக்கிய வகை ஒன்றுக்குப் பெயர் கிடைத்தது இவ்வாறுதான்.

அக்கதையின் தொடக்கத்தில் திருமண நாளன்று வானினின்று விழுந்த மாபெருந் தலைச்சீரா மணமகனை நசுக்கிக் கொல்கிறது. இதைப் படித்து இன்று நாம் நகைக்கக்கூடும். ஆனால் அடுத்து நடப்பது நகைப்பதற்குரியதன்று. மாண்டவனின் தந்தை மான்பிரட், தன் மனைவியைத் தள்ளிவிட்டு, மகனுக்கென்று வந்த இளம்பெண்ணைத் தானே மணக்க முனைகிறான். அவள் கோட்டையின் அடிநிலச் சுரங்கத்தின் வழியே இருளில் ஓடுகிறாள். அவளைத் துரத்துவது பேயன்று, வீட்டுத்தலைவன். கோதிக் கதையின் கரு அன்றே அமைந்துவிட்டது.

அந்நூற்றாண்டின் முடிவில் இவ்வகைக் கதைகளின் அரசியாக விளங்கியவர் திருமதி ஆன் ராட்கிளிப். 1794-இல் வெளிவந்த அவருடைய 'உடால்போவின் மர்மங்கள்' என்னும் நாவலில், எமிலி என்னும் பெண் இத்தாலிய மலைக்கோட்டையில் அடைபட்டுக் கிடக்கிறாள். அங்குக் கருந்திரை ஒன்று தொங்குகிறது. அதை விலக்கிப் பார்த்த அவள் மயங்கி வீழ்கிறாள். திரைக்குப் பின்னால் இருந்தது என்ன என்பதைப் பல நூறு பக்கங்கள் கடந்த பின்னரே ஆசிரியர் கூறுகிறார்: அஃது அழுகும் பிணத்தைப் போலச் செய்த மெழுகுப் பொம்மை! ராட்கிளிப்பின் நூல்களில் பேயெல்லாம் முடிவில் பொய்யாகும். ஆயினும் எமிலியை அடைத்து வைத்து, அவள் நிலங்களை எழுதி வாங்க முயன்ற மான்டோனி பொய்யாகவில்லை. பேய் மறைந்த பின்னும் எஞ்சியது சொத்தாசை பிடித்த மனிதனே.

இந்நூல்களை வாடகை நூல்நிலையங்கள் நாடெங்கும் பரப்பின. இளம்பெண்கள் விரும்பிப் படித்தனர், பெரியோர் கடிந்துகொண்டனர். இந்த மோகத்தைக் கேலி செய்து எழுந்த நாவல் ஜேன் ஆஸ்டினுடைய 'நார்த்தாங்கர் மடம்'. 1803-இல் ஒரு பதிப்பாளர் அதன் கையெழுத்துப்படியை 10 பவுனுக்கு வாங்கி, அச்சிடாமலே வைத்திருந்தார். ஆசிரியை மறைந்த பிறகு, 1817-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் அது வெளிவந்தது. அதன் தலைவி காதரின் ராட்கிளிப்பின் கதைகளில் மூழ்கியவள். பழைய மடமொன்றில் விருந்தினளாகத் தங்கும் அவள், புயலடிக்கும் இரவில் ஓர் அலமாரியினுள் காகிதச் சுருளைக் காண்கிறாள். கொலையின் இரகசியமோ என்று நெஞ்சு நடுங்குகிறது. விளக்கும் அணைந்துபோகிறது. பொழுது விடிந்து பார்த்தால் அவை சலவைக் கணக்குகள்! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்னும் நம் பழமொழிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆயினும் ஆஸ்டின் நம்மைச் சிரிக்க வைத்ததோடு நிற்கவில்லை. அம்மடத்தின் தலைவரான தளபதி டில்னி தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்று காதரின் ஐயுறுகிறாள். அந்த ஐயம் தவறு. ஆனால் அதே தளபதி, காதரின் பெருஞ்செல்வர் வீட்டுப் பெண் அல்லள் என்று அறிந்தவுடன், விடியற்காலையில் துணைக்கு ஒருவருமின்றி 70 மைல் தொலைவிற்கு அவளைத் தனியே அனுப்பிவிடுகிறார். இரத்தம் சிந்தாத கொடுமை அது. கோட்டை வேண்டியதில்லை, கத்தி வேண்டியதில்லை. இங்கிலாந்தின் நல்ல வீடொன்றில், நல்ல உடையணிந்த கனவானே அச்சத்திற்கு உரியவராகலாம். அடுத்து வந்த எழுத்தாளர்கள் நடந்த பாதைக்கு இதுவே வாயிற்படி.

இனி, வேறொரு பூட்டிய அறைக்குள் நுழைவோம். 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் நுண்துகள்கள் வானில் பரவிக் கதிரொளியை மறைக்க, 1816-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் கோடைக்காலமே தோன்றாதது போலக் குளிரும் மழையும் நிலவின. அவ்வாண்டு ஜூன் மாதம் ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரனும், கவிஞர் ஷெல்லியும், மருத்துவர் பாலிடோரியும், 18 வயதே நிரம்பிய மேரியும் வீட்டினுள்ளே அடைபட்டுக் கிடந்தனர். பொழுதுபோகாமல் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று முடிவு செய்தனர். அந்த விளையாட்டினின்று பிறந்ததே மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்'. 1818-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், ஆசிரியர் பெயரின்றி, 500 படிகளே அச்சிட்டு வெளியிடப்பெற்றது.

இந்நாவலில் இடைக்காலக் கோட்டை இல்லை. மாணவன் ஒருவனின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. விக்டர் பிராங்கென்ஸ்டைன் என்னும் அம்மாணவன், பிணவறைகளிலும் அறுவைக்கூடங்களிலும் உறுப்புகளைத் திரட்டி ஓர் உடலை அமைத்து அதற்கு உயிரூட்டுகிறான். இது முற்றிலும் கற்பனையன்று. தவளையின் காலை மின்னாற்றலால் துடிக்கச் செய்தார் இத்தாலிய அறிஞர் கால்வானி. அவருடைய உறவினர் ஆல்தீனி 1803-இல் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட குற்றவாளி ஒருவனின் உடலில் மின்னோட்டம் செலுத்திக் காட்டினார். முகம் சுருங்கியது, கை உயர்ந்தது, கண்டவர் நடுங்கினர்.

உடல் உறுப்புகளைத் திரட்டும் செய்திக்குப் பின்னும் கசப்பான வரலாறு உண்டு. அறுவை கற்பிக்கப் பிணங்கள் போதாமையால் கல்லறைகளைத் தோண்டித் திருடுவோர் அந்நாளில் பெருகியிருந்தனர். 1828-இல் எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்னும் இருவர், கல்லறையைத் தோண்டும் உழைப்பையும் மிச்சப்படுத்தி, 16 பேரைக் கொன்றே பிணங்களை விற்றனர். 1832-இல் உடற்கூற்றுச் சட்டம் நிறைவேறியது. ஏழைகள் விடுதியில் மாண்டு, உரிமை கோர ஒருவருமில்லாத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்று அது விதித்தது. கல்லறைத் திருட்டு ஓய்ந்தது. ஆனால் வறுமையில் இறப்பதென்றால் அறுவை மேசைக்குச் செல்வது என்ற அச்சம் ஏழைகளின் நெஞ்சில் குடிபுகுந்தது. பணக்காரருக்குப் பேய்க்கதை, ஏழைக்கோ அது நாள்முறை வாழ்க்கை.

எனினும், 'பிராங்கென்ஸ்டைன்' நாவலின் உயிர்நிலை மின்னாற்றலில் இல்லை. விக்டர் படைத்த உயிர் கண் திறந்த அக்கணமே அவன் அஞ்சி அறையை விட்டு ஓடுகிறான். பெயர்கூட இடாமல் கைவிடுகிறான். அந்த உயிர் ஒரு குடிசையின் பக்கத்தில் மறைந்திருந்து பேசக் கற்கிறது, படிக்கக் கற்கிறது, அன்பை நாடுகிறது. கண்டவரெல்லாம் அடித்துத் துரத்தவே, கொலைகாரனாகிறது. மேரி ஷெல்லி பிறந்த சில நாட்களில் தாயை இழந்தவர். 1815-இல் தம் முதற்குழந்தையையும் இழந்தவர். பிறப்பையும் இறப்பையும் ஒருங்கே அறிந்த அவ்விளம்பெண், படைத்தவனுக்குரிய கடமை என்ன என்று அறிவியலை நோக்கிக் கேட்டார். இரு நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வினா பழமை எய்தவில்லை.

இப்பொழுது வீட்டிற்கு வருவோம். 1847-ஆம் ஆண்டில் யார்க்ஷயர்ப் பாதிரியார் ஒருவரின் புதல்வியர், ஆண்பெயர் போல் ஒலிக்கும் புனைபெயர்களில் இரு நாவல்களை வெளியிட்டனர். சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' அக்டோபரிலும், எமிலி பிராண்டியின் 'உதரிங் ஹைட்ஸ்' டிசம்பரிலும் வெளிவந்தன.

'ஜேன் அயர்' பூட்டிய அறையிலேயே தொடங்குகிறது எனலாம். தாய்தந்தையற்ற பத்து வயதுச் சிறுமி ஜேன், மாமன் உயிர்நீத்த சிவப்பறையில் தண்டனையாக அடைக்கப்படுகிறாள். அச்சத்தால் மயங்கி விழுகிறாள். வளர்ந்த பின் தார்ன்பீல்ட் மாளிகையில் ஆசிரியையாக அமர்கிறாள். மூன்றாம் மாடியிலிருந்து விசித்திரமான சிரிப்பொலி கேட்கிறது. ஓரிரவு வீட்டுத்தலைவர் ராச்செஸ்டரின் படுக்கை தீப்பற்றுகிறது. இருவருக்கும் திருமணம் நடக்கவிருந்த வேளையில் உண்மை வெளிப்படுகிறது. மேன்மாடி அறையில் பூட்டப்பட்டிருப்பவள் பேயல்லள். ராச்செஸ்டரின் மணைவாழ்க்கைத் துணைவியான பெர்தா. ஜமைக்காத் தீவிலே, 30,000 பவுன் சீதனத்தோடு அவருக்கு மணம் முடிக்கப்பெற்றவள்; மனநோய் கண்டவள் என்று அடைத்து வைக்கப்பட்டவள்.

இங்கே சற்று நின்று சட்டத்தை நோக்குதல் வேண்டும். அக்கால ஆங்கிலச் சட்டப்படி, மணமான பெண்ணுக்குத் தனி ஆள் என்ற நிலையே இல்லை. அவள் ஈட்டிய பணமும் கையிருப்பும் கணவனுடையனவாயின. 1857 வரை மணவிலக்குப் பெற நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 1840-இல் ஒரு வழக்கு நீதிமன்றத்தின் முன் வந்தது. கணவனைப் பிரிந்து சென்ற மனைவியைச் சூழ்ச்சியால் வீட்டிற்கு வரவழைத்து அடைத்து வைத்திருந்தான் கணவன். அவளை விடுவிக்க மறுத்த நீதிபதி, மனைவியை அவ்வாறு தடுத்து வைக்கக் கணவனுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். 'ஜேன் அயர்' வெளிவருவதற்கு ஏழாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. ஆகவே, பூட்டிய அறை கதாசிரியை கனவில் கண்டதன்று. நாட்டின் நீதிமன்றமே சாவியைக் கணவன் கையில் கொடுத்திருந்தது.

'உதரிங் ஹைட்ஸ்' நாவலிலும் சன்னலைத் தட்டும் ஆவி வருகிறது. படிப்போர் பெரும்பாலும் அதையே நினைவில் வைத்திருப்பர். ஆனால் கதையின் பிற்பகுதியில், ஹீத்கிளிப் இளைய காதரினை வீட்டிற்குள் வைத்துப் பூட்டி, நோயாளியான தன் மகனை மணந்தால்தான் வெளியே விடுவேன் என்று வற்புறுத்துகிறான். தந்தை மரணப்படுக்கையில் கிடக்க, அவள் இணங்குகிறாள். அத்திருமணத்தின் வழியாக அவளுடைய உடைமை அவன் கைக்குச் செல்கிறது. ஆவி வருவது ஓரிரவுக் கனவில். பூட்டும் சட்டமும் சேர்ந்து செய்யும் வேலையோ பகல் வெளிச்சத்தில்.

இதே அச்சத்தை மேலும் கூர்மையாக்கியவர் வில்கி காலின்ஸ். அவருடைய 'வெள்ளாடைப் பெண்' 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்டு வரை, டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடர்கதையாக வந்தது. கடனில் மூழ்கிய சர் பெர்சிவல் கிளைடு தன் மனைவி லாராவின் 20,000 பவுனை அடைய விரும்புகிறான். அவள் இறந்தால்தான் அப்பணம் அவனைச் சேரும். லாராவைப் போன்றே முகமுடைய ஏழைப்பெண் ஆன் இறந்ததும், அவளை லாரா என்று புதைத்துவிட்டு, உயிரோடிருக்கும் லாராவை ஆன் என்று சொல்லி மனநோயாளர் விடுதியில் அடைத்துவிடுகின்றனர். அவள், 'நான் லாரா' என்று சொல்லச் சொல்ல, அதுவே அவள் பித்துக்குச் சான்றாகிறது! பெயர், செல்வம், முகம் அத்தனையும் இருந்தும் தான் யார் என்று மெய்ப்பிக்க இயலாத நிலை. இதைவிடக் கொடிய பேய் எது?

இதற்கும் அடிப்படை உண்டு. இரு மருத்துவர்களின் சான்றிதழும் உறவினரின் கோரிக்கையும் இருந்தால், ஒருவரைத் தனியார் மனநோயாளர் விடுதியில் சேர்க்க அக்காலச் சட்டம் இடமளித்தது. 1858-இல் நாவலாசிரியரும் நாடாளுமன்ற உறுப்பினருமான எட்வர்டு புல்வர் லிட்டனை, அவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவி ரோசினா தேர்தற்கூட்டத்தில் வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். சில நாட்களுக்குள் அவ்வம்மையார் மனநோயாளர் விடுதியில் அடைக்கப்பட்டார். செய்தித்தாள்கள் கூக்குரலிட்ட பின்னரே, சில வாரங்களில் விடுவிக்கப்பெற்றார். காலின்ஸின் தொடர்கதை அதற்கடுத்த ஆண்டில் தொடங்கியது. அதைப் படித்தவர்களுக்கு இலாரா போன்றோர் உலகில் உண்டா என்று ஐயுற வேண்டிய தேவையே இருந்திராது.

சார்லஸ் டிக்கன்ஸும் பூட்டின் பொருளை உணர்ந்தவர். அவருடைய தந்தை கடனுக்காக 1824-இல் மார்ஷல்சீச் சிறையில் அடைக்கப்பட்டபோது, 12 வயதுச் சிறுவராயிருந்த டிக்கன்ஸ் காலணி மைத் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தார். பிற்காலத்தில் அவர் இலண்டன் நகரத்தையே ஒரு கோதிக் கோட்டையாக்கினார். 1852, 1853-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'பிளீக் ஹவுஸ்' நாவலில் மூடுபனி நகரை விழுங்குகிறது. அம்மூடுபனியின் நடுவே சான்சரி நீதிமன்றம் வீற்றிருக்கிறது. முடிவே இல்லாத வழக்கொன்று தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்களைத் தின்கிறது. இறுதியில் சொத்து முழுவதும் வழக்குச் செலவிலேயே கரைந்துபோகிறது. 1860, 1861-ஆம் ஆண்டுகளில் வந்த 'பேராவல்கள்' நாவலிலோ, மணநாளில் ஏமாற்றப்பட்ட ஹாவிஷாம் அம்மையார், கடிகாரங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, மங்கிய மணவாடையோடும் உளுத்துப்போன மணவிருந்தோடும் தம்மைத் தாமே அடைத்துக்கொள்கிறார். அவ்வறையின் சாவி வேறெவரிடமும் இல்லை. துயரின் கையில் இருக்கிறது.

இவ்வாறு சாவி இடம் மாறத் தொடங்கியதும், பூட்டிய அறை மனித உள்ளத்திற்குள் நுழைந்தது. 1886 ஜனவரியில் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனின் 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' வெளிவந்தது. ஜெக்கிலின் வீட்டிற்கு முன்புறம் செல்வச் செழிப்புள்ள வாயில். பின்புறச் சந்தில், அழைப்பு மணியும் இல்லாத பாழ்ங்கதவு. ஒரே வீட்டின் இரு வாயில்கள் அவை. மதிப்பிற்குரிய மருத்துவர் ஒரு வாயிலில் நுழைகிறார். கொடியவன் ஹைடு மறுவாயிலில் வெளியேறுகிறான். இருவரும் ஒருவரே என்பது முடிவில்தான் தெரிகிறது. அவருடைய அறைக்கதவைக் கோடரியால் உடைத்துத் திறக்க நேரிடுகிறது. உள்ளே அடைத்தவரும் அவரே, அடைபட்டவரும் அவரே. 1890-இல் ஆஸ்கார் ஒயில்டு எழுதிய 'டோரியன் கிரேயின் ஓவியம்' இதே வழியில் செல்கிறது. இளமை மாறாத டோரியனின் பாவங்களெல்லாம், மேன்மாடியில் பூட்டி வைத்த ஓவியத்தின் முகத்தில் ஏறிக்கொண்டே போகின்றன. நன்மதிப்பு என்னும் வெள்ளையடித்த சுவருக்குப் பின்னால் இருப்பது என்ன என்று விக்டோரியா காலத்து இங்கிலாந்து தன்னையே கேட்டுக்கொண்டது.

நூற்றாண்டின் எல்லையில், 1897 மே மாதத்தில், பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வெளிவந்தது. ஸ்டோக்கர் இலண்டனில் லைசியம் நாடக அரங்கின் மேலாளராய் இருந்தவர். இக்கதையில் மீண்டும் தொலைநாட்டுக் கோட்டை வருகிறது. ஆனால் இம்முறை அங்கே அடைபட்டவன் ஆங்கில இளைஞன். இரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவோ, வழக்கறிஞர் வழியே பத்திரம் எழுதி இலண்டனுக்கு அருகில் முறையாக வீடு வாங்குகிறான். அவனை எதிர்ப்பவர்கள் தட்டச்சுப் பொறி, ஒலிப்பதிவுக் கருவி, தந்தி, புகைவண்டி அட்டவணை ஆகிய அனைத்தையும் கையாள்கின்றனர். எனினும் புதுமைக் கருவிகள் மட்டும் போதவில்லை. பூண்டையும் சிலுவையையும் அவர்கள் நாட வேண்டியதாகிறது. உலகின் பெரும்பகுதியை ஆண்ட நாடு, வெளியிலிருந்து ஒருவன் வந்து தன்னை ஆண்டுவிடுவானோ என்று அஞ்சியது. ஆள்பவரின் உள்ளத்தில் உறங்கும் அச்சம் இது என்று கொள்வதில் தவறில்லை.

அன்பர்களே, இந்நாவல்கள் எவற்றைச் சாதித்தன? கதைதான் சட்டத்தை மாற்றியது என்று சொல்வது மிகையாகும். பல பெண்களும் ஆண்களும் நெடுங்காலம் மனு எழுதியும் வாதிட்டும் கிளர்ச்சி செய்துமே சட்டங்கள் மாறின. 1870-லும் 1882-லும் இயற்றப்பெற்ற சட்டங்கள், மணமான பெண்ணின் உடைமையை அவளுக்கே உரியதாக்கின. 1890-ஆம் ஆண்டுச் சட்டம், நீதிபதியின் ஆணையின்றி எவரையும் மனநோயாளர் விடுதியில் அடைத்து வைத்தலைத் தடுத்தது. அதற்கடுத்த ஆண்டில், மாதா கோயிலிலிருந்து வெளிவந்த மனைவியைப் பலவந்தமாகத் தூக்கிச் சென்று அடைத்த கணவன் ஒருவனின் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு வந்தது. மனைவியை அடைத்து வைக்கக் கணவனுக்கு உரிமை இல்லை என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 1840-இல் கணவன் கையில் கொடுத்த சாவியை 1891-இல் நீதிமன்றம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த 51 ஆண்டுகளும் பூட்டிய கதவின் பின்னால் கேட்கும் குரலை மக்கள் செவிகளில் ஒலிக்கச் செய்தவை இக்கதைகள். சட்டம் கேளாத குரலைக் கதை கேட்டது.

ஆனால் கதையும் எல்லாக் குரலையும் கேட்கவில்லை என்பதை மறைத்தல் கூடாது. 'ஜேன் அயர்' நாவலில் பெர்தா ஒரு சொல்லேனும் தன் வரலாற்றைக் கூறுவதில்லை. அவளுடைய சீதனம் ஜமைக்காத் தோட்டங்களிலிருந்து வந்தது. அத்தகைய தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பால் செழித்தவை. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை ஒழித்தபோது, 2 கோடிப் பவுன் இழப்பீடு முதலாளிகளுக்குக் கிடைத்தது. அடிமைகளாய் இருந்தோர்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஜேனின் விடுதலைக்காக நம் கண்ணீரைப் பெற்ற ஆசிரியை, பெர்தாவை மாளிகையின் கூரையினின்று வீழச்செய்து கதையை முடித்தார். மேற்கிந்தியத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் என்னும் எழுத்தாளர் 1966-இல்தான் 'அகன்ற சர்காசோக் கடல்' என்னும் நாவலில் பெர்தாவின் கதையை அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். ஓர் அறையைத் திறந்தவர் மற்றோர் அறையைக் கவனியாது செல்வது இலக்கியத்திலும் உண்டு, வாழ்விலும் உண்டு.

மாணவர்கள் இந்நாவல்களைப் படிக்கும்போது பேய் எப்பொழுது வரும் என்று காத்திருப்பது இயல்பே. கதையின் சுவை அதில்தான் இருக்கிறது. அதை இழக்க வேண்டா. ஆனால் நூலை மூடியபின் மூன்று வினாக்களை எழுப்பிப் பாருங்கள். பூட்டிய அறை எங்கே இருக்கிறது? உள்ளே இருப்பவர் யார்? சாவி யார் கையில் இருக்கிறது? இம்மூன்றிற்கும் விடை கண்டவர், ஒரு நூற்றாண்டின் சமுதாய வரலாற்றையே படித்தவராவார். அதன்பின் அவர் தாம் வாழும் தெருவிலும் மூடிய கதவு ஒன்றைக் கடந்து செல்லும்போது சற்றே நின்று, உள்ளிருந்து குரல் கேட்கிறதா என்று செவிசாய்ப்பார்.